நாக்கோடு ஒரு மத்தியானம்

"தொடையா, விலாவா?"ன்னு கேட்டான் கறிக்கடை வின்சென்ட். ஞாயித்துக்கிழமைப் பூசை முடிஞ்சு நேரா அவன் கடை வாசல்ல போய் நிக்கிறேன், எடுத்த எடுப்புல இதைக் கேக்குறான். அவன்மேல தப்பில்ல, நான் வாரா வாரம் வந்துக்கிட்டிருந்தப்ப கேட்டதைத்தான் கேட்டான். அப்பல்லாம் நானும் தொடைன்னுதான் சொல்வேன், தோலோட குடுடா, கொழுப்பு ரெண்டு விரக்கடையாவது இருக்கணும், துண்டு போடாத, முழுசா குடுன்னு சொல்வேன், சொல்லிட்டுப் பின்னாடி நிக்கிறவன்கிட்ட அரசியல் பேச ஆரம்பிச்சிடுவேன். இன்னைக்கு அந்த ரெண்டெழுத்து வாயைவிட்டு வரமாட்டேங்குது. ஏன்னா ஆஸ்பத்திரியில அந்தப் பெரிய டாக்டரும் அதே வார்த்தையைத்தான் சொன்னாரு. "நாக்குல பெரும்பாகம் எடுத்துடணும் ஐயா. எடுத்த இடத்துல உங்க தொடையிலேர்ந்து சதை எடுத்து வச்சுத் தைச்சிடுவோம்." டயருக்கு ஒட்டுப் போடுறவன் சொல்றாப்ல சொன்னாரு. நான் கேட்டேன், அந்தத் தொடைச் சதைக்கு ருசி தெரியுமா டாக்டர்னு. அவர் சிரிக்கலை. "தெரியாது. பேச்சு கொஞ்சம் கொஞ்சமா பழகிக்கலாம். ருசிக்கு நாங்க ஒண்ணும் பண்ண முடியாது." இன்னொண்ணும் கேக்கணும்னு நினைச்சேன், தொடையில முடி இருக்கே, அது வாய்க்குள்ள போயும் முளைக்குமான்னு. பக்கத்துல செசிலி உக்காந்திருந்தா, பொண்டாட்டி முன்னாடி அதைக் கேக்கக் கூச்சமா இருந்துச்சு, கேக்காம எழுந்து வந்துட்டேன், அதுலேர்ந்து தாடையைத் தடவும்போதெல்லாம் அதே நினைப்பு. வாய்க்குள்ள ஒரு தொடை. நாளைக்குப் போய்ப் படுக்கணும், செவ்வாய்க்கிழமை கத்தி. வின்சென்ட்டுக்கு விரலை நீட்டித்தான் காட்டினேன். நிறுத்துக் கட்டிக் குடுத்துட்டு, "நாளைக்காண்ணே?"ன்னு கேட்டான். தலையை ஆட்டினேன். அவன் கத்தியைத் தொடைச்சுக்கிட்டே வேற பக்கம் பார்த்தான்.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரிச்சா நல்லா வாட்டின தோலு, தேன் கலர்ல, அடியில வெள்ளையா கொழுப்பு, அதுக்குக் கீழ ரோஸ் கலர்ல சதை. பார்த்ததுமே வாயூறுச்சு. இந்தப் பாழாப்போன வாய்ல இப்பல்லாம் எச்சில்தான் எப்பவும் ஊறிக்கிட்டே கிடக்கு, துண்டு வச்சுத் தொடைச்சுக்கிட்டேதான் இருக்கேன், ஆனா இது அந்த எச்சில் இல்ல. இது வேற. இது உயிரோட இருக்கிறவனுக்கு ஊறுறது. ரோஸ்ட்டுக்குன்னே எங்க வீட்டுல ஒரு இரும்புச் சட்டி தனியா உண்டு, பொன்மலை ரயில் பட்டறையில எங்கப்பா வேலை பார்த்தப்ப வார்க்கிற இடத்துல சொல்லி வாங்கினது, எங்க வீட்டுல அந்தச் சட்டியை ஆம்பளைங்கதான் அடுப்புல ஏத்துறது, அப்பாவுக்கு அப்புறம் நான். பரண்மேல பார்த்தேன், இல்ல. தொட்டிக்கு அடியில பார்த்தேன், இல்ல. கடைசியில கொல்லைப்பக்கம் கோழிக்கூண்டு மேல கவுத்து வச்சிருக்கா செசிலி. கோழிக்குத் தண்ணி வைக்கிறாளாம் அதுல. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. அவ வேளாங்கண்ணிக்குப் போய்ட்டு வந்தது எனக்குத் தெரியும், மொட்டை அடிச்சுக்கலை, மெழுகுவத்தி ஏத்தினேன்னு சொன்னா, சரின்னு விட்டுட்டேன். போன வாரம் நான் ஆசையா கறி எடுத்துட்டு வரவான்னு கேட்டப்பதான் விஷயம் வெளிய வருது. நேர்ந்துக்கிட்டாளாம். அவர் நாக்கை எனக்கு விட்டுக்குடு தாயே, இனிமே இந்த வீட்டுல பன்னிக்கறி கிடையாதுன்னு. ஏன்டி, நேர்ந்துக்கிறவ உன்னோட எதையாவது வச்சு நேர்ந்துக்க மாட்டியா, என் கறியை வச்சா பேரம் பேசுவ? இதைக் கேட்டப்ப அவ சொன்னா, "உயிரா இருக்கிறதைத்தானேங்க குடுக்கணும்." அந்தக் கறின்னா அவளுக்குத்தான் உயிர். என்னைவிட அவளுக்குத்தான். அந்தத் தோலுக்காக எங்களுக்குள்ள கல்யாணமான புதுசுலேர்ந்து சண்டை.

சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்ச்சுக் கழுவினேன். செசிலி பார்த்தா, முந்தானையை எடுத்து மூக்கைச் சுத்திக் கட்டிக்கிட்டா, ஜெபமாலையை எடுத்துக்கிட்டு ரூமுக்குள்ள போய்ட்டா. வாசல்ல நின்னு மட்டும் சொன்னா, "நீங்க தின்னுறதுன்னா தின்னுங்க. நான் தடுக்க மாட்டேன். என்னைக் கூப்பிடாதீங்க." எனக்கு வேணும்னா நேர்ச்சையை உடைச்சுக்கலாமாம், பாவம் எனக்கு மட்டும் வருமாம், அவ பங்கை அவ காப்பாத்துவாளாம். கறியைத் தோல் பக்கம் கோடு கோடா கீறினேன், நூல் போட்டு இறுக்கிக் கட்டினேன். பூண்டை உரிச்சேன், உரிக்க உரிக்க விரல்ல ஒட்டுது. மிளகைத் தட்டினேன், ஒண்ணுரெண்டா. குறைச்சுப் போடலாமான்னு ஒரு நிமிஷம் நின்னேன், ஒரு பருக்கை மிளகு இந்தப் புண்ணுல பட்டா காது வரைக்கும் மின்னல் ஓடும், அது எனக்குத் தெரியும். எரியட்டும். கஞ்சி குடிச்சுக் குடிச்சு எத்தனை நாள் ஆச்சு, மாட்டுக்கு வைக்கிறதுகூட இதைவிட நல்லா இருக்கும். இன்னைக்கு ஒரு நாள் எரிஞ்சாதான் என்ன, செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் எரியறதுக்குக்கூட ஒண்ணும் இருக்காது. பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை. காடியை ஊத்தினேன், வினிகர்தான், குப்குப்னு ஊத்தினேன், மூக்குல ஏறுச்சு, அப்பாடா, மூக்கு வேலை செய்யுது. அந்த நேரம் பார்த்து போன் அடிக்குது. ஜெனிட்டா, என் பொண்ணு, பெங்களூர்லேர்ந்து. பஸ் ஏறிட்டாளாம், சாயங்காலம் வந்துடுவாளாம். "அப்பா, பேசுப்பா கொஞ்ச நேரம்"னு சொன்னா. எதுக்குப் பேசச் சொல்றான்னு எனக்குத் தெரியாதா. அவ போன்ல என்னத்தையோ அமுக்கி வச்சுக்கிட்டா, பதிவு பண்றா. என் குரலை எடுத்து வச்சுக்கிறா. நான் உயிரோட நிக்கிறேன், அடுப்படியில பூண்டு நாத்தத்தோட நிக்கிறேன், என் பொண்ணு என் குரலைப் பத்திரப்படுத்துறா. என்னத்தைப் பேசுறது. சாப்டியாம்மான்னு கேட்டேன். ஜாக்கிரதையா வான்னு சொன்னேன். அதுலயும் ‘ஜ’ சரியா விழலை, எச்சில்தான் விழுந்துச்சு. வச்சிட்டேன். திரும்பி வந்து தண்ணியை ஊத்தி மூடியைப் போட்டுத் தீயைக் குறைச்சேன்.

இனிமே வேலை இல்ல. அது பாட்டுக்கு வேகும், ரொம்ப நேரம் வேகும், நான் ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்கிட்டேன். வேலை இல்லாம உக்காந்தாத்தான் வம்பு. நாக்கு போய் அந்த இடத்தைத் தேடுது, தன்னையே தானே தேடுது, இடது ஓரத்துல அந்தக் கட்டி, பல்லுல உரசுது, உரசினா வலி, வலிச்சா இன்னும் உரசுது. நான் வேணாம்னுதான் நினைக்கிறேன், அது கேக்க மாட்டேங்குது. என் பொழைப்பே இந்த நாக்குதானே. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல நான் குரல் குடுத்தா பாலக்கரையில திரும்பிப் பார்ப்பான். டவுன் பஸ்ல கண்டக்டரா நின்னு நான் பேசின பேச்சுக்குன்னே ஏறினவங்க உண்டு, முன்ன போம்மா, உள்ள போ தம்பி, படியில நிக்கிற மகராசா, உனக்கு வீட்டுல ஆளு இருக்கா இல்லையான்னு கத்துவேன், பஸ்ஸே சிரிக்கும். ரிட்டயர் ஆனப்புறமும் வாய் நிக்கலை. வாயில எப்பவும் புகையிலை, கன்னத்துல ஒதுக்கி வச்சுக்கிட்டே பேசுவேன். அதான் வந்துச்சுன்னு டாக்டர் சொல்றாரு. இருக்கட்டும், எவன் சாவாம இருக்கான். சாவுன்னா கூட சரி. சாவுன்னா ஒரு பெட்டி, ஒரு குழி, முடிஞ்சுது. இது சாவு இல்லையே. இது நான் உக்காந்திருப்பேன், எல்லாரும் சாப்பிடுவாங்க, மூக்குல சொருகின குழாய் வழியா எனக்கு எதையோ ஊத்துவாங்க, சூடா இருக்கா ஆறிப்போச்சான்னுகூட எனக்குத் தெரியாது. கிறிஸ்துமஸ் வரும். ஈஸ்டர் வரும். பக்கத்து வீட்டுல தாளிப்பாங்க. எனக்கு என்ன. காலையில பூசையில சாமியார் நாக்குல நற்கருணை அப்பத்தை வச்சாரு, நான் இன்னும் கையில வாங்குறதில்ல, பழைய ஆளு, நாக்கை நீட்டித்தான் வாங்குவேன், இன்னைக்கு நீட்டினேன், பாதிதான் நீண்டுச்சு. அவர் கொஞ்சம் உள்ள தள்ளி வச்சாரு. மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு ரொம்ப நேரம் கரையலை. ருசி ஒண்ணும் தெரியலை, ஆனா அதுக்கு எப்பவுமே ருசி கிடையாதே, அரிசிக் காகிதம் மாதிரிதானே இருக்கும். கஞ்சிக்கும் ருசி தெரியறதில்லை, கஞ்சிக்கு என்ன ருசி இருக்கப்போவுது. பாலும் அப்படித்தான், இப்ப வர்ற பாக்கெட் பால்ல என்ன இருக்கு. அதெல்லாம் வச்சு எதையும் முடிவு பண்ணக் கூடாது. மருந்து ஏத்தினா கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும்னு நர்ஸ்கூட சொன்னுச்சு. கொஞ்ச நாள் ஆயிடுச்சுல்ல.

மூடியைத் திறந்தேன். ஆவி முகத்துல அடிச்சுச்சு. காடி வாசம் போய் கறி வாசம் மேல வந்திருக்கு, கொழுப்பு கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. குழம்பைக் கரண்டியில எடுத்துப் பார்த்தேன். எங்க வீட்டுல ஒரு பழக்கம், ரோஸ்ட் வைக்கிறது நான், உப்பு பார்க்கிறது அவ. நான் கரண்டியோட போய் நிப்பேன், அவ எந்த வேலையில இருந்தாலும் உள்ளங்கையை நீட்டுவா, ஒரு சொட்டு விடுவேன், நக்கிப் பார்த்துட்டு ஒரு கண்ணைச் சுருக்குவா. போதும்னா போதும். அவ கையில ஒரு சொட்டு விழாத ரோஸ்ட்டை நாங்க சாப்பிட்டதே இல்ல. கரண்டியை எடுத்துக்கிட்டு, கீழ ஒரு கையை ஏந்திக்கிட்டு, ரூம் வாசல்ல போய் நின்னேன். மெழுகுவத்தி எரியுது. செசிலி தரையில உக்காந்து ஜெபமாலை உருட்டுறா, முந்தானை மூக்கைச் சுத்தி அப்படியே இருக்கு, திருடன் மாதிரி. "கையை நீட்டு"ன்னேன். அவ ஜெபத்தை நிறுத்தலை. என்னைப் பார்த்தா. என் கரண்டியைப் பார்த்தா. அப்புறம் கையை மூடி மடிக்குள்ள வச்சுக்கிட்டா. "செசிலி, ஒரு சொட்டுதான். கறி இல்ல, தண்ணி." வேணாம்னு தலையை ஆட்டினா. கண்ணுல தண்ணி நிக்குது, உதடு மட்டும் மாதாவுக்கான மங்கள வார்த்தை ஜெபத்தைச் சொல்லிக்கிட்டே இருக்கு. "செவ்வாய்க்கிழமை அந்தத் தாய் உங்க பக்கத்துல நிக்கணும்ங்க"ன்னா, ஜெபத்துக்கு நடுவுல. எனக்கு அப்படியே அந்தக் கரண்டியைச் சுவத்துல அடிக்கணும் போல இருந்துச்சு. மாதா நிக்கட்டும், நிக்க வேணாம்னு யாரு சொன்னா. நீ இன்னைக்கு என் பக்கத்துல உக்காரு. ஒரு தட்டு, ஒரு மத்தியானம். இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லலை. "போடி"ன்னு மட்டும் சொன்னேன், வந்துட்டேன். எனக்குத் தெரியாத கணக்கா. இத்தனை வருஷக் கை. கரண்டியைத் திருப்பிச் சட்டியில கவுத்தேன். நானே ஒரு சொட்டு நக்கிப் பார்த்திருக்கலாம்தான். பார்க்கலை. ஏன் பார்க்கலைன்னு யாராவது கேட்டா சுடும், புண்ணுல படும்னு சொல்வேன். உள்ளுக்குள்ள வேற. முதல் ருசி தட்டுல உக்காந்துதான் பார்க்கணும், அதுவரைக்கும் வேணாம், அதுவரைக்கும் அது அங்கயே இருக்கட்டும். பயம். வேற என்ன.

தண்ணி சுண்டுச்சு. இனிமேதான் ரோஸ்ட். கொழுப்பு தானா உருகி அடியில நிக்கும், அதுலயே புரட்டிப் புரட்டிச் சிவக்க விடணும், அவசரப்பட்டா கருகிடும், விட்டுட்டாலும் கருகிடும். முழு உருளைக்கிழங்கை உரிச்சுப் போட்டேன், சின்ன வெங்காயத்தை அப்படியே போட்டேன். சட்டி சடசடன்னு பேச ஆரம்பிச்சிடுச்சு. வாசம் வந்துச்சு பாரு, கூடத்துக்கு, வாசலுக்கு, தெருவுக்கு. எனக்கு வயிறு சுண்டி இழுக்குது. இந்த வாசம் உள்ள வருதுன்னா ருசியும் உள்ள வரத்தான் செய்யும், வாசமும் ருசியும் அண்ணன் தம்பிதானே, இதை யாராவது படிச்சவன்கிட்ட கேட்டிருக்கணும். அவளுக்கும் போகும்ல இந்த வாசம். முந்தானை எத்தனை சுத்துச் சுத்தினாலும் போகும். ஜெபம் குளறும். குளறட்டும். அப்புறம் நினைக்கிறேன், குளற வேணாம், அவ விட்டுக்குடுக்க வேணாம், ஒருவேளை அவ விடாம இருந்தா மாதா நிஜமாவே கேட்டு, செவ்வாய்க்கிழமை அந்த டாக்டர் வாயைத் திறந்து பார்த்துட்டு, அட இதுல கொஞ்சம் விட்டு வைக்கலாம் போலிருக்கேன்னு சொல்லி, நுனியை மட்டும், ஒரு நுனியை மட்டும், ரசம் தெரியிற அளவுக்கு, ஊறுகாய் தெரியிற அளவுக்கு. நானே உடைக்கிறேனே அந்த நேர்ச்சையை. என் நாக்குக்கு அவ விலையா பேசின கறியை இந்தா புரட்டிக்கிட்டு நிக்கிறேன். அடுப்பை அணைச்சிடலாமா. அப்படியே தூக்கிப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துடலாமா. கை அடுப்புத் திருகு வரைக்கும் போச்சு. கட்டிப் பக்கம் விண்ணுனு ஒரு குத்து. சே, இது என்ன புத்தி. மாதாவுக்கு என் பன்னிக்கறியை வச்சு என்ன ஆகணும். ஒரு தாயி, பசிச்ச வாயைப் பார்த்து வேணாம்பாளா. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், சொல்லிக்கிட்டே மறுபக்கம் புரட்டினேன், தோலு நல்லா சிவந்து கொப்புளம் கொப்புளமா எழும்பியிருக்கு, கத்தி முனையால தட்டினா டக்டக்குங்குது.

கூடத்துல பாயைப் போட்டேன். தட்டு வச்சேன், ஒண்ணு. சோறு கொஞ்சம், நேத்து ரசம் கொஞ்சம். நூலை அறுத்து, கறியைச் சாய்வா வெட்டினேன், ஒவ்வொரு துண்டுலயும் தோலு, கொழுப்பு, சதை மூணும் வர்றாப்ல. ஜெபம் சொன்னேன், வாய்க்குள்ளயே. முதல் துண்டை வலது பக்கமா வச்சேன், கடைவாய்ப் பல்லுக்கு. கண்ணை மூடிக்கிட்டேன். காத்திருந்தேன். சூடு தெரிஞ்சுது. வழவழன்னு ஒண்ணு, கொரகொரன்னு ஒண்ணு, அதெல்லாம் தெரிஞ்சுது. அப்புறம் மிளகு போய்ப் புண்ணைத் தொட்டுச்சு, காதுக்குள்ள ஊசி, கண்ணுல தண்ணி. அவ்வளவுதான். வேற ஒண்ணும் வரலை. மென்னேன். இன்னும் மென்னேன். வரும், இப்ப வரும்னு மென்னுக்கிட்டே இருக்கேன். மூக்குல வாசம் நிக்குது, வாசல்ல வந்து நின்னுக்கிட்டு உள்ள வராத சொந்தக்காரன் மாதிரி அங்கயே நிக்குது, கீழ இறங்கலை. நனைஞ்ச அட்டையைத் தின்னுற மாதிரி இருக்கு. சரி, முதல் துண்டு அப்படித்தான், ரெண்டாவது துண்டு. தோலை மட்டும் தனியா. நொறுங்குது, சத்தம் மண்டைக்குள்ள கேக்குது, ருசி இல்ல. உருளைக்கிழங்கு. இல்ல. வெங்காயம். இல்ல. ரசத்தைத் தூக்கிக் குடிச்சேன், எரிச்சல்தான், புளிப்பு இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. கஞ்சியும் இல்ல, பாலும் இல்ல, காலையில அப்பமும் இல்ல. அதுங்க மேல தப்பில்ல. இது எப்பவோ போயிடுச்சு. எப்பப் போச்சுன்னே தெரியலை, சொல்லாம கொள்ளாம போயிடுச்சு. அப்ப செவ்வாய்க்கிழமை எதை வெட்டப்போறாங்க? எதைக் காப்பாத்தித் தான்னு அவ அங்க முட்டி போட்டுக் கேக்குறா? நான் எதுக்காக அவகூடச் சண்டை போட்டேன், எதுக்காக இந்தச் சட்டியைத் தேய்ச்சேன்? வாயில கறியை வச்சுக்கிட்டு முழுங்கவும் முடியலை, துப்பவும் முடியலை, அப்படியே உக்காந்திருக்கேன்.

ரூமுக்குள்ள ஜெபச் சத்தம் நின்னு போச்சு. அவ காதைத் தீட்டிக்கிட்டு இருக்கா, எனக்குத் தெரியும். இங்கேர்ந்து சத்தம் வரலைன்னா என்னாச்சோன்னு வந்து பார்ப்பா. வந்து என் மூஞ்சியைப் பார்த்தா தெரிஞ்சு போயிடும். தெரிஞ்சா அவ என்ன ஆவா. வேளாங்கண்ணி வரைக்கும் போய்ட்டு வந்தவ. நான் வாயில இருந்ததை முழுங்கினேன். முழுங்கிட்டுச் சத்தம் போட்டேன். "அடேயப்பா"ன்னேன். "செசிலி, என்னமா வந்திருக்கு தெரியுமா இன்னைக்கு. சும்மா சொல்லக் கூடாது. வின்சென்ட் நல்ல கறியா குடுத்திருக்கான்." பாதி வார்த்தை கொழகொழன்னுதான் வருது, ஆனா சத்தம் இருக்கு, சத்தத்துக்கு என்ன குறைச்சல். "காடி அப்படியே பிடிச்சிருக்கு. மிளகு சுர்ருங்குது. அந்தத் தோலு இருக்கு பாரு, தோலு, யப்பா." ஒரு துண்டு தின்னுறேன், ஒண்ணு சொல்றேன். தட்டைத் தட்டுறேன். உறிஞ்சுறேன். பஸ்ல கத்துன மாதிரி கத்துறேன், கண்ணுல தண்ணி அது பாட்டுக்கு வழியுது, எரிச்சல்ல வழியுதுன்னு வச்சுக்க. "ஒரு குறை சொல்ல முடியாது. கரெக்டா இருக்கு எல்லாம். எங்கப்பன் வந்தாக்கூட இப்படி வைக்க முடியாது." இன்னொரு துண்டு, இன்னொண்ணு. நிறுத்தினா அழுதுடுவேன்னு தெரிஞ்சு போச்சு, அதனால நிறுத்தலை.

நிமிர்ந்து பார்த்தா வாசப்படியில நிக்கிறா. முந்தானை கழுத்துக்கு இறங்கியிருக்கு. எவ்வளவு நேரமா நிக்கிறாளோ. திட்டப் போறான்னு நினைச்சேன். வந்து எதிர்ல உக்காந்தா, காலை மடிச்சு, எப்பவும் உக்கார்ற இடத்துல. "எனக்கும் வைங்க"ன்னா. "நேர்ச்சை"ன்னேன். "மாதாகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க வைங்க." "வேணாம் செசிலி, செவ்வாய்க்கிழமை..." "நீங்க இங்க தனியா உக்காந்து சத்தம் போட்டுச் சாப்பிடுறதைக் கேட்டுக்கிட்டு அங்க என்னால ஜெபம் சொல்ல முடியலைங்க. ஆகறது ஆகட்டும்." தட்டை அவளே எடுத்துக்கிட்டா. நல்ல துண்டா பார்த்து, தோலு நிறைய இருக்கிறதா பார்த்து எடுத்து வச்சேன். பிச்சு வாயில போட்டா. மென்னா. நான் அவ வாயையே பார்க்குறேன், ஆஸ்பத்திரியில டாக்டர் என் வாயைப் பார்த்தாப்ல. மெல்றது ஒரு இடத்துல நின்னுச்சு. என்னைப் பார்த்தா. என் தட்டைப் பார்த்தா, அதுல பாதிக்கு மேல காலி. திரும்ப மெல்ல ஆரம்பிச்சா, முழுங்கினா. "எப்படி?"ன்னேன். "நல்லாத்தாங்க இருக்கு"ன்னா. குரல் சரியில்ல. எழுந்து அடுப்படிக்குப் போனா, வரும்போது கையில உப்பு ஜாடி. உக்காந்தா. ஒரு சிட்டிகை எடுத்து அவ தட்டுல தூவினா. அப்புறம் இன்னொரு சிட்டிகை எடுத்தா, கை என் தட்டுக்கு மேல வந்து அப்படியே நின்னுச்சு. போடலாமா வேணாமான்னு நிக்குது அந்தக் கை. போட்டா எனக்குத் தெரிஞ்சிடும், அதுக்காக நிக்குது.

"போடலையா நான்?"

"மறந்துட்டீங்க போல."

"கொஞ்சம்கூடவா?"

கரெக்டா இருக்கு எல்லாம்னு நான் தெருவுக்கே கேக்குற மாதிரி கத்தினேனே, அது ரெண்டு பேர் காதுலயும் நிக்குது. ஜெனிட்டா போன் பண்ணப்ப உப்பை விட்டிருக்கேன், வந்து மூடியைப் போட்டுட்டேன், இவ கையை நீட்டியிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும், கையை நீட்டாததால இப்பத் தெரியுது, ஒரு கல்லு உப்புகூட இல்லாத கறியை ஒரு தட்டு நிறையத் தின்னுட்டு யப்பான்னு சொன்னவன் நான். ஒரு குழம்புல உப்பு தூக்கலா இருந்தா தட்டைத் தள்ளிட்டு எழுந்து போனவன். அவதான் கேட்டா. "எப்பலேர்ந்துங்க?" தெரியலைன்னு தலையை ஆட்டினேன். அவ அழுவான்னு நினைச்சேன். அழலை. அந்தச் சிட்டிகையை என் தட்டுல தூவினா, எல்லா இடமும் படுறாப்ல, பொறுமையா, அது எனக்கு ஆகப்போறது ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சும். கையைத் தட்டிவிட்டா. கறியைப் பிசைஞ்சு ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டா. நானும் ஒரு வாய் எடுத்தேன். சூடு, வழவழ, கொரகொர. வேற இல்ல.

"சொல்லு"ன்னேன்.

"என்னத்தைங்க?"

"எப்படி இருக்குன்னு. நல்லாருக்குன்னு சொல்லாத. சரியா சொல்லு."

எங்க வீட்டுல சாப்பாட்டைப் பத்திப் பேசுறது எப்பவும் நான்தான், அவளை யாரும் கேட்டது கிடையாது. தோலை ஒரு துண்டு கடிச்சா. "தோலு முதல்ல மொறுமொறுன்னு இருக்கு"ன்னா. "ம்." "அப்புறம் கொழுப்பு வருது. அது நெய் மாதிரி இறங்குது, லேசா தித்திப்பு இருக்குங்க, வெங்காயத்தோடது. காடி பின்னாடிதான் தெரியுது, தொண்டைகிட்ட. போன தடவையைவிடக் கொஞ்சம் தூக்கல்." "நிறைய ஊத்திட்டேன்." "இல்ல, நல்லாத்தான் இருக்கு. பூண்டு கரைஞ்சு போயிடுச்சு, வாசம்தான் நிக்குது." அவ மெல்றப்ப நானும் மென்னேன், அவ முழுங்கறப்ப நானும் முழுங்கினேன். சில சமயம், அவ தித்திப்புன்னு சொன்னப்ப, ஒரு நொடி எனக்கும் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. தெரிஞ்சிருக்காது. "சதை?"ன்னு கேட்டேன். "சதை நார் நாரா பிரியுது, பல்லே வேணாம்." "அப்புறம்?" "மிளகு இப்பத்தான் வருது. உதடெல்லாம் எரியுது." முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டு அடுத்த வாய்க்குக் கையை வச்சா. சட்டியில இன்னும் மூணு நாலு துண்டு இருந்துச்சு.

"மெதுவா சாப்பிடு செசிலி"ன்னேன்.